மருமகள் வந்தாள், மகன் வரவில்லை

எங்கள் மன்னார்குடித் தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால், வாசலில் பந்தல் போடுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். "மகன் வந்துட்டானா?"

எதிர்வீட்டுப் பெரியவர் இறந்த அன்றும் அதே கேள்விதான். மருமகள் வந்துவிட்டாள். பேத்தி, பேரன் இருவரும் வந்துவிட்டார்கள். டல்லாஸில் வேலை பார்க்கும் ஒரே மகன் மட்டும் வரவில்லை.

"பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு டிக்கெட் போடத் தெரிஞ்சவனுக்கு, தனக்குப் போடத் தெரியலையா?" என்றார் ஒருவர். "லீவு கிடைச்சிருக்காது" என்றார் இன்னொருவர். "பெத்த அப்பனைவிட வேலை பெருசாப் போச்சா?" என்று அதற்கும் பதில் வந்தது. பெரியவரின் தம்பி மகன் கொள்ளி வைத்தான்.

நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் அதையேதான் நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். ஏனென்றால், அவன் வராமல் போனதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் சேர்த்தோம். அன்று ராத்திரி அவன் எனக்குப் போன் செய்தான்.

"சித்தி, ஒரு உதவி. அப்பா கவலைக்கிடமா இருக்கார்னு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்ப முடியுமா? ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல, சீல் போட்டு. ரொம்ப அவசரம்."

"சரி தம்பி" என்றேன். போனை வைத்ததும் எரிச்சல்தான் வந்தது. அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், இவன் ஆபீஸில் காட்ட லெட்டர் கேட்கிறானே என்று. புதன்கிழமை முழுக்க அக்கா பக்கத்திலேயே இருந்துவிட்டேன். லெட்டர் ஞாபகம் வந்தபோதெல்லாம் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளினேன். வியாழக்கிழமை மாலைதான் டாக்டரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மருமகளும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை விடியற்காலை பெரியவர் போய்விட்டார். "அவன் வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வைக்கலாமா?" என்று அக்கா கேட்டாள். அவன் எப்போது கிளம்ப முடியும் என்று அவனுக்கே தெரியவில்லை. பெரியவர்கள் பேசி, ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டார்கள். அவன் புதன்கிழமைதான் வந்து சேர்ந்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஆபீஸில் காட்டுவதற்காக அவன் அந்த லெட்டரைக் கேட்கவே இல்லை.

அவன் கிரீன் கார்டு வரிசையில் சேர்ந்தது 2014-ல். வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டு, குடும்பத்தாரையும் சேர்த்து, வருடத்துக்குச் சுமார் 1,40,000 தான். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதனால்தான் இந்தியர்களின் வரிசை இவ்வளவு நீளம். 2020 அக்டோபரில் தேதிகள் திடீரென முன்னேறியபோது, ஏராளமான இந்தியர்களைப் போல அவனும் ஐ-485 என்ற கடைசிக் கட்ட விண்ணப்பத்தைப் போட்டான். அதன்பின் வரிசை மறுபடி பின்னால் போய்விட்டது. விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, பயண அனுமதி கையில் இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த அனுமதிக்குப் பெயர் அட்வான்ஸ் பரோல். ஐ-131 என்ற படிவத்தில் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, கிளம்புவதற்கு முன்பே அது கைக்கு வந்திருக்க வேண்டும்.

"எச்-1பி விசாவுல இருக்கிறவங்க, அவங்களைச் சார்ந்து எச்-4 விசாவுல இருக்கிறவங்களுக்கு மட்டும் சலுகை உண்டு சித்தி. அதே விசாவுல திரும்பி வந்தா விண்ணப்பத்துக்கு ஒண்ணும் ஆகாது. எல்-1, எல்-2-க்கும் அப்படித்தான். நான் கம்பெனி மாறினப்போ எச்-1பி-யை விட்டுட்டு, வேலை அனுமதி அட்டையிலேயே சேர்ந்துட்டேன். அதனால எனக்கு அந்த வழி இல்ல."

"உனக்கு மட்டும் ஏன் அந்தப் பயணக் காகிதம் இல்லை?" என்று கேட்டேன்.

அங்கேதான் அவன் தடுமாறியிருக்கிறான். முன்பு அவனுக்கு வேலை அனுமதியும் பயண அனுமதியும் சேர்ந்து ஒரே அட்டையாக வந்தது. பிறகு இரண்டையும் தனித்தனியாகத் தர ஆரம்பித்துவிட்டார்கள். வேலை அனுமதி தீர்ந்தால் சம்பளம் நின்றுவிடும் என்பதால் அதை நேரத்துக்குப் புதுப்பித்தான். பயண அனுமதியை, 'இப்ப எங்கே போகப் போறோம்' என்று விட்டுவிட்டான். மனைவிக்குத் தங்கை கல்யாணம் வந்ததால், அவளுக்கும் மகளுக்கும் மட்டும் விண்ணப்பித்து, அது முன்பே வந்துவிட்டது. மகன் அங்கே பிறந்தவன், அமெரிக்கப் பாஸ்போர்ட். அவன் திரும்பிப் போக எந்த அனுமதியும் வேண்டாம். ஆனால் இந்தியாவுக்குள் வர ஓ.சி.ஐ. அட்டையோ விசாவோ வேண்டும்.

ஒரே வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் காகிதம் தனித்தனி. மருமகள் வந்து மகன் வராததன் ரகசியம் இவ்வளவுதான்.

"எது வேணும்னாலும் ஆகட்டும்னு கிளம்பி வந்திருக்கலாமே தம்பி?" அதையும் கேட்டேன்.

"என் வேலையை வெச்சுதான் எங்க எல்லாருக்கும் விண்ணப்பம் சித்தி. அவளும் மகளும் என்னைச் சார்ந்தவங்க. என்னோடது செத்தா அவங்களோடதும் சேர்ந்து செத்துடும். அவங்க அப்போ விமானத்துல இருந்தாங்க. நானும் கிளம்பியிருந்தா அவங்களும் திரும்பிப் போக முடியாது."

குழந்தைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், 2014-லிருந்து நின்ற வரிசை எல்லாம் ஒரு பக்கம். அப்பா இன்னொரு பக்கம். அந்த 4 நாளும் அவன் தூங்கவே இல்லை என்று மருமகள் பின்னால் சொன்னாள்.

அவனிடம் இருந்த ஒரே வழி அவசர அனுமதி. நெருங்கிய உறவினரின் கடும் நோய், மரணம் போன்ற காரணங்களுக்கு, குடியேற்றத் துறையின் தொலைபேசி எண்ணில் பேசி, உள்ளூர் அலுவலகத்தில் நேரம் வாங்கி நேரில் போகலாம். படிவம், புகைப்படம், உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் இவற்றோடு அவசரத்துக்கு ஆதாரமும் வேண்டும். அந்த ஆதாரம்தான் நான் தள்ளிப்போட்ட லெட்டர். வியாழன் மாலை நான் அனுப்பியபோது அவனுக்குக் காலை. உடனே போன் செய்திருக்கிறான். கிடைத்த நேரம் திங்கட்கிழமை காலை. அன்று மதியம் காகிதம் கைக்கு வந்தது. அன்று இரவே விமானம் ஏறினான்.

புதன்கிழமையே நான் லெட்டரை அனுப்பியிருந்தால் அப்பா முகத்தைப் பார்த்திருப்பானா? தெரியாது. "அதெல்லாம் நினைக்காதீங்க சித்தி, நான் முன்னாடியே வாங்கி வெச்சிருக்கணும்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதனால் இந்த வாரம் இரண்டு தரப்பிலும் இருக்கும் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அங்கே இருக்கும் பிள்ளைகளே, பயண அனுமதியை டிக்கெட்டோடு சேர்த்து யோசிக்காதீர்கள். ஊருக்குப் போகும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஐ-485 போடும்போதே கேட்டுவிடுங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று ஒவ்வொருவர் பெயரிலும் தனியாகக் கேளுங்கள். முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து, பல மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுங்கள். கிளம்பும் நாளில் மட்டுமல்ல, திரும்பி இறங்கும் நாளிலும் அது செல்லுபடியாக வேண்டும். அது இருந்தாலும், உள்ளே விடும் முடிவு விமான நிலைய அதிகாரியுடையது என்பதையும் மறக்காதீர்கள். எச்-1பி, எச்-4-ல் வருபவர்கள் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் இங்கே தூதரகத்தில் நேரம் வாங்கிப் புது முத்திரை பெற வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து பெரும்பாலோருக்கு நேர்காணலும் கட்டாயம். கிளம்புவதற்கு முன் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விதி நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் இருந்தபடியே நிரந்தர விசா கேட்டு, பிரிட்ஜிங் விசா ஏ-யில் காத்திருப்பவர்கள் அதை வைத்து வெளியே போய்த் திரும்ப முடியாது. கிளம்புமுன் பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'வெளியே போனால் திரும்பி வர என்னிடம் என்ன இருக்கிறது?'

இங்கே இருக்கும் அப்பா அம்மாக்களே, 'எப்ப வர்றே?' என்று கேட்கும்போது, 'உன் பயணக் காகிதம் எந்தத் தேதி வரைக்கும்?' என்றும் கேளுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டு உறுதி சொல்லும் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றும் தயாராக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்தால், நோயாளியின் பெயர், நோய், நிலைமை, சேர்த்த தேதி, டாக்டர் கையெழுத்து, சீல், எல்லாம் உள்ள லெட்டரை அன்றே வாங்கிவிடுங்கள். பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கேட்டால், என்னைப் போல் 'நாளைக்கு' என்று சொல்லாதீர்கள்.

அக்கா இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. உள்ளே மகனின் பிறப்புச் சான்றிதழ் நகல், அவளுடைய ஆதார், டாக்டரின் போன் நம்பர். மேலே அவள் கையெழுத்தில், 'தம்பிக்கு அனுப்ப' என்று எழுதியிருந்தது.

"எனக்கு ஏதாச்சும்னா முதல்ல இதை அனுப்பிடு, அப்புறம் அழு" என்றாள் என்னிடம்.

அனுப்பிவிடுகிறேன் அக்கா. அன்றைக்கே.