ஃபித்ரா எங்கட தனிச்சொத்து இல்ல

மேற்குலகத்துக்கு ஒழுக்கம் தெரியாது, எங்களிட்டத்தான் ஃபித்ரா இருக்கு எண்டு பயான்லயும் கேக்கிறோம், வாட்ஸ்அப்லயும் வருது. இதை நாங்க ஏற்கல.

முதல்ல, மேற்கு எண்டது ஒரே ஆள் இல்ல. பிறக்கும்போது மனித மனம் வெற்றுத்தாள் என்றார் ஜோன் லொக். ஊருக்கு ஊர் ஒழுக்கம் மாறுவதே அவர் காட்டிய ஆதாரம். லைப்னிட்ஸ் அதை மறுத்தார்: மனம் வெறுங்கல் அல்ல, சிலைக்கான கோடுகள் உள்ளே ஓடும் பளிங்கு. ஃபித்ராவுக்கு இது எவ்வளவு கிட்ட!

லொக்குக்கு ஹதீஸிலேயே பதில் இருக்கு. எல்லாப் பிள்ளையும் ஃபித்ராவில்தான் பிறக்குது. வளர்ப்புத்தான் அதைத் திருப்புது. 2012 ஏப்ரலில் எங்கட மாவட்டத்தில், தம்புள்ளைப் பள்ளிவாசலைத் தாக்கினவங்களும் அப்படிப் பிறந்தவங்கதான். அர்ரூம் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் பேசுவது மனிதர்களைப் பற்றி, முஸ்லிம்களைப் பற்றி மட்டுமல்ல.

2020இல் கொரோனா ஜனாஸாக்களை அரசு கட்டாயமாக எரித்தது. பிறந்து 20 நாளான குழந்தையையும் விடல. அப்போ பொரளை மயான வேலியில் வெள்ளைத்துணி கட்டினவங்கள்ல பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தாங்க. அது அநியாயம் எண்டு அவங்களுக்கு எந்தப் பயான் சொல்லிக் கொடுத்தது?

இனி எங்கட முறை. மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் 2012 நவம்பரில் மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவங்க யார், எந்த மதம் எண்டு பார்க்காம நீதி கேட்கணும். ஃபித்ராவுக்கு நாங்க காட்ட வேண்டிய ஆதாரம் அதுதான்.