பெட்டியைத் தொங்கவிட்ட மறுநாள்

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவரும் அவர் நிறுவிய நேச்சர் ஃபாரெவர் அமைப்பும் 2010-இல் தொடங்கிவைத்த இந்நாள், இன்று பல நாடுகளில் நினைவுகூரப்படுகிறது. ஐதராபாத்திலும் அந்நாளையொட்டிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் செயற்கைக் கூடுகள் வழங்கப்படுகின்றன. உரை நிகழ்த்தப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, பெட்டி சுவரேறுகிறது. அதன் பிறகு அப்பெட்டிகளுள் எத்தனையில் முட்டை இடப்பட்டது, எத்தனை குஞ்சுகள் பறந்து சென்றன என்று வினவினால் விடை கூறுவோர் அரிது. வழங்கிய எண்ணிக்கைக்குப் பதிவு இருக்கிறது. பயன்பட்ட எண்ணிக்கைக்குப் பதிவு இல்லை.

இக்குறை சிறியதன்று. செயற்கைக் கூடு என்பது ஒரு பறவையை ஓரிடத்திற்கு அழைத்து, அங்கே முட்டையிடச் செய்யும் ஏற்பாடு. அழைத்த இடம் வெப்பத்தால் கொதிப்பதாகவோ, பூனைக்கு எட்டுவதாகவோ இருந்தால், அப்பெட்டி இல்லாமல் இருந்திருப்பதே அப்பறவைக்கு நன்மையாக இருந்திருக்கும். ஆதலின் தேர்ந்தெடுப்பதும் காப்பதும் கணக்கு வைப்பதும் ஒரே கடமையின் மூன்று பகுதிகள். மூன்றாவதைச் செய்ய இயலாதவர் முதலாவதைத் தொடங்காதிருப்பதே முறை.

இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. வட அமெரிக்காவில் புளூபேர்ட் எனப்படும் நீலப்பறவை, பட்ட மரங்களின் பொந்துகளிலும் பழைய மரவேலிக் கம்பங்களின் துளைகளிலும் கூடு கட்டுவது. இருபதாம் நூற்றாண்டில் அதன் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. பட்ட மரங்கள் அகற்றப்பட்டதும் மரக்கம்பங்களின் இடத்தில் இரும்புக் கம்பங்கள் வந்ததும் ஒருபுறம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இரு பறவைகள் எஞ்சிய பொந்துகளைக் கைப்பற்றியது மறுபுறம். அவற்றுள் ஒன்று, 1890-இல் நியூயார்க்கில் விடப்பட்ட ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவை. மற்றொன்று, 1850-களின் தொடக்கத்தில் புரூக்ளினில் விடப்பட்ட சிட்டுக்குருவி.

அங்கே மீட்சி வந்தது பெட்டிகளால் மட்டும் அன்று. லாரன்ஸ் ஜெலனி என்பவரின் முயற்சியால் 1978-இல் வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கம் தோன்றியது. தன்னார்வலர்கள் வயல்வெளிகளின் ஓரமாகப் பெட்டிகளை வரிசையாக நிறுவினர். துளையின் விட்டம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். நீலப்பறவை நுழையும், ஸ்டார்லிங் நுழையாது. கம்பத்தில் பாம்பும் பிற வேட்டை விலங்குகளும் ஏறாதபடி தகரத் தடுப்பு பொருத்தப்பட்டது. கூடு கட்டும் பருவத்தில் ஒவ்வொரு பெட்டியும் வாரந்தோறும் திறந்து பார்க்கப்பட்டு, முட்டையும் குஞ்சும் குறிப்பேட்டில் எழுதப்பட்டன. அந்தச் சலிப்பூட்டும் வாராந்தர நடையே அவ்வினத்தை மீட்டதில் பெரும்பங்கு வகித்தது.

அமெரிக்காவில் பெட்டியிலிருந்து விலக்கப்படும் அதே சிட்டுக்குருவிதான் ஐதராபாத்தில் விருந்தினர். ஒரே பறவை ஓரிடத்தில் ஆக்கிரமிப்பாளராகவும் மற்றோரிடத்தில் அடைக்கலம் தேடுவதாகவும் இருக்கிறது. தமிழில் அதற்கு அடைக்கலாங்குருவி என்றே ஒரு பெயர் உண்டு. ஆகவே எந்தப் பெட்டி நல்லது என்ற வினாவுக்குப் பொதுவான விடை கிடையாது; எந்தப் பறவைக்கு, எந்த ஊரில் என்பதைச் சேர்த்தே கேட்க வேண்டும். நீலப்பறவை இணைகள் ஒன்றுக்கொன்று எல்லை வகுத்துக்கொள்பவை. அவற்றின் பெட்டிகளுக்கிடையே ஏறத்தாழ 90 மீட்டர் இடைவெளி விடுவது அங்குள்ள வழக்கம். சிட்டுக்குருவியோ கூட்டமாக வாழ்வது. ஒரே சுவரில் சில அடி இடைவெளியில் மூன்று நான்கு பெட்டிகள் இருந்தால் அது விரும்பி வரும். வீட்டுக்கு ஒன்றாகப் பகிர்ந்தளிக்கும் முறை, பெறுவோருக்கு நியாயமாகத் தோன்றினாலும் குருவியின் இயல்புக்குப் பொருந்துவதில்லை.

தேர்வில் முதலில் நோக்க வேண்டியது துளை. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். அழகுக்காகவோ வசதிக்காகவோ துளையைப் பெரிதாக்கினால் மைனா நுழையும். காகத்தின் அலகும் பூனையின் கையும் நுழையும். துளையைச் சுற்றி ஒரு சிறு உலோகத் தகடு பதித்தால் அணில் அதைக் கொறித்து அகலப்படுத்த இயலாது. துளைக்குக் கீழே குச்சி ஒன்றைச் செருகி விற்கும் வழக்கம் பரவலாக உள்ளது. பொந்தில் வாழும் பறவைக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை; அது கூட்டைத் தாக்க வருவதற்குக் கால் வைக்க இடம் தருகிறது. துளையிலிருந்து பெட்டியின் அடித்தளம் 12 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் இருத்தல் நல்லது. ஆழம் குறைந்தால் குஞ்சுகள் எளிதில் எட்டும் இரையாகிவிடும்.

அடுத்தது பொருள். ஐதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. இறகு முளைக்காத குஞ்சு தன் உடல்வெப்பத்தைத் தானே சீர்செய்துகொள்ள இயலாதது. தகரத்திலும் மெல்லிய பிளாஸ்டிக்கிலும் செய்த பெட்டி, வெயில்படும் சுவரில் அடுப்பாக மாறும். அட்டைப்பெட்டி முதல் மழையில் ஊறிக் கிழியும். ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தடிப்புள்ள மரப்பலகை தக்கது. உட்புறத்தில் சாயமோ வார்னிஷோ பூசலாகாது. கூரைக்குச் சற்றுக் கீழே காற்றுத் துளைகளும், அடித்தளத்தில் நீர் வடியும் துளைகளும், கழற்றித் திறக்கத்தக்க ஒரு பக்கமும் வேண்டும். திறக்க முடியாத பெட்டியைத் தூய்மை செய்ய முடியாது. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

இடத்தேர்வும் அவ்வாறே. மேற்கு வெயிலும் தென்மேற்குப் பருவமழையும் நேரே அடிக்காதபடி துளை வடக்கு அல்லது கிழக்கு நோக்கியிருக்க வேண்டும். தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், மேலே ஓர் இறவாணம் அல்லது பால்கனி நிழல் தர, அருகில் பூனை தாவும் மதிலோ கிளையோ குளிர்சாதனப் பெட்டியின் வெளிக்கருவியோ இல்லாத சுவரே சிறந்தது. காற்றில் ஆடும்படி கயிற்றில் தொங்கவிடுவதைவிட அசையாதபடி ஆணியால் பொருத்துவது மேல்.

குருவி வந்து சேர்ந்தபின் மனிதர் செய்ய வேண்டியது பெரும்பாலும் விலகியிருத்தல். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாப்பு, பிறகு மேலும் இரண்டு வாரம் குஞ்சு வளர்ப்பு. இக்காலத்தில் வாரம் ஒருமுறை, தாய் வெளியே சென்றுள்ள நேரம் பார்த்துச் சில நொடி நோக்கினால் போதும். குஞ்சுகள் இறகு நிறைந்து பறக்கும் நிலையை அடைந்தபின் திறக்கவே கூடாது. அஞ்சி, நாளுக்கு முன்பே குதித்துவிடும். அனைத்தும் பறந்து சென்றபின் பழைய கூட்டை முழுவதும் அகற்றி, பெட்டியை உலரவிட வேண்டும். பழைய கூட்டில் தங்கும் உண்ணிகளும் பேன்களும் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுபவை. ஓராண்டில் பலமுறை முட்டையிடும் பறவைக்கு இத்தூய்மை மிக இன்றியமையாதது.

இவ்வளவும் செய்தும் பெட்டி வெறுமையாகவே இருந்தால் அதன் பொருள் என்ன? இங்குதான் கணக்கேடு அறிவியலாகிறது. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது என்ற பொதுநம்பிக்கையை 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை திருத்தியது. நாடு முழுமைக்குமாக நோக்கின், கடந்த கால் நூற்றாண்டில் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக உள்ளது. ஐதராபாத், சென்னை, பெங்களூரு உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மெல்லக் குறைந்துவருகிறது. அப்படியாயின் நகரில் எது குறைந்தது? ஓட்டுக்கூரையும் மச்சு இடுக்கும் போய்க் கண்ணாடிச் சுவர்கள் வந்ததால் கூடிடம் குறைந்தது உண்மை. அது மட்டுமே காரணம் என்று முடிவுகட்டுவது அவசரம்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கேட் வின்சென்ட் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக நூற்றுக்கணக்கான பெட்டிகளை நிறுவிச் சிட்டுக்குருவிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார். பெட்டிக்குள்ளேயே குஞ்சுகள் பட்டினியால் இறந்ததை அவ்வாய்வு வெளிப்படுத்தியது. தானியம் தின்னும் பறவை எனக் கருதப்படும் சிட்டுக்குருவி, தன் குஞ்சுகளுக்கு முதல் நாள்களில் ஊட்டுவது புழுவும் அசுவினியும் சிறு பூச்சிகளுமே. புல்வெளியைச் சீராக வெட்டி, பூச்சிமருந்து தெளித்து, அயல்நாட்டு அலங்காரச் செடிகளால் நிரப்பிய வளாகத்தில் பெட்டி வைப்பது, சமையலறை இல்லாத விடுதியில் அறை தருவதற்கு ஒப்பாகும். அங்கே தானியத்தைக் கொட்டுவதால் பெரும்பயன் அடைவது புறாக்களே. கைப்பேசிக் கோபுரங்களே குருவியைக் கொன்றன என்ற பேச்சும் இத்தகையதே. அதற்கு உறுதியான சான்று இல்லாதபோதும், பூச்சிமருந்தைப் பற்றிய சங்கடமான உரையாடலைத் தவிர்க்க அது உதவுகிறது.

பெட்டியால் எட்ட முடியாத பறவைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தெலங்காணாவின் மாநிலப் பறவை பனங்காடை, தெலுங்கில் பாலபிட்ட. சிறகு விரித்தால் நீலம் பொழியும் அப்பறவையைத் தசரா நாளில் காண்பது நற்பேறு என்பது இந்நிலத்து நம்பிக்கை. அதுவும் பொந்தில் வாழ்வதே. தானே பொந்து குடையாது. பட்ட பனையின் உச்சியையோ முதிர்ந்த மரத்தின் பொந்தையோ நாடும். பனங்காடையை விரைவாகக் குறைந்துவரும் இனங்களுள் ஒன்றாகக் கண்ட 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் அறிக்கை, அதன் உலகளாவிய நிலையை மறுமதிப்பீடு செய்யுமாறு பரிந்துரைத்தது. ஐரோப்பாவில் அதன் உறவினமான பறவைக்குப் பெரிய பெட்டிகள் வைத்து ஸ்பெயினும் ஹங்கேரியும் நற்பயன் கண்டன. அங்கும் பெட்டியைச் சுற்றி வெட்டுக்கிளியும் வண்டும் நிறைந்த புல்வெளி தேவைப்பட்டது. பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, கொண்டலாத்தி, குண்டுக்கரிச்சான் ஆகியனவும் மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்துகளையும் இயற்கைப் பொந்துகளையும் நம்பி வாழ்பவை. 32 மில்லிமீட்டர் துளை இவற்றுள் எதற்கும் உதவாது.

பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அழிய ஒரு பிற்பகல் போதும். ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தில் 2025 மார்ச் இறுதியில் இயந்திரங்கள் இறங்கின. மாணவர்கள் எதிர்த்தனர். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணியை நிறுத்தியபோது, ஏறத்தாழ 100 ஏக்கர் அழிக்கப்பட்டுவிட்டதாக அதன் முன் வைக்கப்பட்ட அறிக்கை கூறியது. உலகச் சிட்டுக்குருவி நாளுக்கும் அந்நிகழ்வுக்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை. இழப்பை ஈடுசெய்ய மரக்கன்று நடுவதாகக் கூறுவது எங்கும் வழக்கம். 2015-இல் தொடங்கிய ஹரித ஹாரம் திட்டம் மாநிலமெங்கும் பெருமளவில் கன்றுகளை நட்டது; அது தன்னளவில் நற்பணி. எனினும் பத்து வயது மரத்தில் பொந்து இராது. பட்ட மரத்தை அழகின்மையாகக் கண்டு வெட்டிவிட்டு, அதே சுவரில் பெட்டி ஒன்றை மாட்டும் நிறுவனம், பறவையிடமிருந்து பறித்ததில் நூறில் ஒரு பங்கைத் திருப்பித் தந்து நன்றியை எதிர்பார்க்கிறது.

பெட்டி வழங்கும் விழாக்கள் குழந்தைகளிடம் பரிவை வளர்க்கின்றனவே, அதுவே போதாதா என்று கேட்கலாம். வினா நியாயமானது. ஒரு குழந்தை குருவியை முதன்முதலாக நின்று நோக்குவதற்குப் பெட்டி காரணமாகுமாயின் அதை இகழ்வதற்கில்லை. ஆனால் ஆறு மாதம் வெறுமையாகக் கிடக்கும் பெட்டியோ, எறும்பு மொய்த்த குஞ்சோ அக்குழந்தைக்குக் கற்பிப்பது வேறொன்று. விழா முடிந்ததும் அக்கறையும் முடியும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. குறிப்பேடு ஒன்றைச் சேர்த்துத் தந்தால் அதே பெட்டி ஓர் ஆய்வுக்கூடமாகும்.

இவ்வகையில் முன்னுதாரணமாக நிற்கத் தக்கவை உயர்கல்வி வளாகங்களே. இடமும் மரமும் ஆண்டுதோறும் புதிய மாணவரும் அவற்றுக்கு உண்டு. அங்கே ஐந்நூறு பெட்டிகள் வேண்டா; முப்பது போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு பதிவேடு இருக்கட்டும். துளை அளவு, திசை, உள்வெப்பம், முட்டையிட்ட நாள், பறந்த குஞ்சுகள், தோல்விக்கான காரணம் ஆகியவை எழுதப்படட்டும். விடுமுறையில் பொறுப்பை ஏற்பவர் பெயரும் அதில் இருக்கட்டும். குருவி முட்டையிடும் கோடைமாதங்களிலேயே வளாகங்கள் வெறுமையாகின்றன என்பது மறக்கத்தக்கதன்று. ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரங்களை வெட்டலாகாது என்ற விதி எழுத்தில் வரட்டும். பூச்சிமருந்து தெளிக்காத ஒரு மூலை ஒதுக்கப்படட்டும்.

சாலிம் அலி 1931-32-இல் அன்றைய ஐதராபாத் சமஸ்தானத்தில் மேற்கொண்ட பறவைக் கணக்கெடுப்பு, இந்நிலத்தில் அக்காலத்தில் எவை வாழ்ந்தன என்பதை இன்றும் அறியத் தருகிறது. அவர் விட்டுச் சென்றது பொறுமையாக எழுதப்பட்ட பதிவு. அடுத்த மார்ச் 20-இல் பெட்டி வழங்க எண்ணும் ஒவ்வொரு துறையும், கடந்த மார்ச் 20-இல் வழங்கிய பெட்டிகளின் பதிவை முதலில் அறிவிப்புப் பலகையில் வெளியிடட்டும். பதிவு இல்லையெனில், இருக்கும் பெட்டிகளைக் கழற்றித் தூய்மைசெய்து நிழலுக்கு மாற்றுவதே அவ்வாண்டின் விழாவாக அமையட்டும்.