க்ரெட்டாவா, செல்டோஸா? ஒரு கல்கத்தா கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை, கொல்கத்தா வந்து ஆறு வருஷம்.

"அண்ணாச்சி, க்ரெட்டா டீசலா, செல்டோஸ் டீசலா? நீங்க பேங்க்ல இருக்கீய, சட்டுனு ஒண்ணச் சொல்லுங்க."

பேங்கில் இருப்பவனுக்கு வட்டி தெரியும், வண்டி தெரியும் என்று யார் சொன்னார்களோ! ஆனாலும் கேட்டுவிட்டார். வாரம் முழுக்க யோசித்ததை எழுதிவிடுகிறேன். இங்கே நம்மவர்கள் இன்னும் நாலு பேராவது இதே குழப்பத்தில் இருப்பார்கள்.

முதலில் ஒன்று. இந்த இரண்டு வண்டிக்கும் நடுவில் இன்ஜின் விஷயத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. ஹூண்டாயும் கியாவும் ஒரே குடும்பம். இரண்டிலும் அதே 1,493 சிசி டீசல், அதே 116 குதிரைத்திறன், அதே 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஆறு கியர் மேனுவல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக் இரண்டிலும் உண்டு. ஒருவர் வீட்டுச் சாம்பாரை இரண்டு பாத்திரத்தில் ஊற்றி வைத்த மாதிரி. க்ரெட்டா நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. செல்டோஸ் ஆந்திராவில் பெனுகொண்டாவில். நண்பர் "அப்ப க்ரெட்டா நம்ம ஊரு வண்டி" என்றார். சரிதான், நம்மைப் போலவே அதுவும் பிழைப்புக்கு வங்காளம் வந்திருக்கிறது :)

வித்தியாசம் உடம்பில்தான். 2024 ஜனவரியில் முகம் மாற்றி வந்த க்ரெட்டா 4,330 மில்லிமீட்டர் நீளம். 2026 ஜனவரியில் புதிதாய் வந்த செல்டோஸ் 4,460. அதாவது 13 சென்டிமீட்டர் கூடுதல். ஷோரூமில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பின்சீட்டில் காலை நீட்ட இடம் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் லேக் கார்டன்ஸ் பக்கத்துப் பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் நிறுத்துகிறவர்களுக்கு அந்த 13 சென்டிமீட்டர்தான் கேட் மூடுமா மூடாதா என்பதை முடிவு செய்யும். டேப் எடுத்து அளந்துவிட்டுத்தான் போக வேண்டும். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பழைய செல்டோஸ் 2020-லும் பழைய க்ரெட்டா 2022-லும் மூன்று நட்சத்திரம்தான் வாங்கின. இப்போது இரண்டிலும் ஆறு ஏர்பேக் அடிப்படை மாடலிலிருந்தே வருகிறது.

ஆக, நண்பர் கேட்ட கேள்வி பாதிக் கேள்வி. டீசல் வேண்டுமா என்பதுதான் முழுக் கேள்வி.

டீசல் மேல் நமக்கு இருக்கும் மோகம் ஒரு காலத்து நியாயம். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய் சொச்சம், டீசல் 41-க்கும் கீழே. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! அப்போது டீசல் வாங்காதவன்தான் முட்டாள். நானும் 2013-ல் ஒன்று வாங்கினேன். ஆனால் அதே 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்தார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் மாருதி டீசலுக்கே முழுக்குப் போட்டது. 2023-ல் ஹோண்டா சிட்டி டீசல் போனது, வெர்னா டீசலும் போனது. நடுத்தரக் குடும்பம் வாங்கிய டீசல் செடான் என்ற வகையே காணாமல் போய், பெரும்பாலும் உயரமான வண்டிகளில்தான் மிச்சமிருக்கிறது. நண்பர் மனசில் ஓடுவது இன்னும் 2012 கணக்கு.

இன்றைய கணக்கைப் போடுவோம். 2025-ல் கொல்கத்தாவில் பெட்ரோல் 105 ரூபாய் சொச்சம், டீசல் 92 சொச்சம். க்ரெட்டா மேனுவலுக்கு கம்பெனி சொல்லும் மைலேஜ் பெட்ரோலில் 17.4, டீசலில் 21.8. கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு 6.03 ரூபாய், டீசல் 4.22. மிச்சம் 1.81. ஒரே மாடலில் பெட்ரோலைவிட டீசலுக்கு சுமார் ஒன்றரை லட்சம் அதிகம். அதை மீட்க ஏறக்குறைய 83,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

கம்பெனி மைலேஜ் யாருக்குக் கிடைத்தது என்பீர்கள். ராஷ்பிஹாரி முக்கில் நின்று நின்று போகிற கணக்கில் பெட்ரோல் 11, டீசல் 14 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் கிட்டத்தட்ட 3 ரூபாய். அப்போது 50,000 கிலோமீட்டரில் காசு திரும்பும். நெரிசலில் டீசலுக்குத்தான் லாபம் கூடுதல், அதை மறைக்க மாட்டேன். (அதே வண்டி சென்னையில் என்றால் அந்த 2025 விலையில் பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம், டீசல் இங்கே மாதிரியே 92. அங்கே மிச்சம் இன்னும் குறையும். மச்சான் சென்னையில் போட்ட கணக்கை இங்கே காப்பி அடிக்க முடியாது.)

இப்போது எல்லோரும் விட்டுவிடுவது: வட்டி. அந்த ஒன்றரை லட்சமும் கடன்தானே? 9 சதவீதம் என்றால் முதல் வருஷம் சுமார் 13,500 ரூபாய். நண்பர் ஆபீஸ் போவது ரவீந்திர சரோவரிலிருந்து மெட்ரோவில். வண்டி வாரக் கடைசிக்கும், பிள்ளைகளின் டியூஷனுக்கும், புஜோ சமயத்துக்கும். வருஷம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். நகரக் கணக்கில் மிச்சம் 24,000-க்கும் கீழே. அதில் பாதிக்கு மேல் வட்டிக்குப் போய்விடும். கம்பெனி மைலேஜ் கணக்கில் மிச்சம் 14,500, வட்டி 13,500. ஆயிரம் ரூபாய் லாபம், வாழ்க!

அதைவிட எனக்குக் கவலை தருவது டிபிஎஃப். பிஎஸ்-6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை அதுவே எரித்துத் தள்ளும், ஆனால் அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். லேக் மார்க்கெட்டுக்கும் கரியாஹாட்டுக்கும் இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடினால் இன்ஜின் சூடாகும் முன்பே வீடு வந்துவிடும். கரி சேரும், ஒரு நாள் விளக்கு எரியும். என் சக ஊழியர் ஒருவர் அந்த விளக்கை மூன்று வாரம் பார்த்துக்கொண்டே ஓட்டி, கடைசியில் சர்வீஸ் சென்டரில் நின்றார். டீசல் வாங்கினால் வாரம் ஒரு முறையாவது அதை வெளிச்சாலைக்கு, கோனா எக்ஸ்பிரஸ்வே தாண்டி, கூட்டிக்கொண்டு போய் வர வேண்டும். வீட்டில் நாய் வளர்க்கிற மாதிரி.

அடுத்தது மாற்றல். நம்மைப் போன்ற ஊர்சுற்றிகளுக்கு இதுதான் முக்கியம். கொல்கத்தாவில் 2008 உயர் நீதிமன்ற உத்தரவால் 15 வருஷம் கடந்த வாடகை வண்டிகள் வெளியேறின. உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது, மஞ்சள் டாக்சிகளும் வயதாகி உதிர்கின்றன. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொந்த வண்டிகளையும் சேர்த்து, கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 வருஷ எல்லை போடச் சொன்னது. டெல்லியில் டீசலுக்கு 10 வருஷம்தான் என்று 2015-ல் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆமோதித்தது. 2025-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். நாளைக்கு எங்கே மாற்றுவார்கள் என்று நமக்கும் தெரியாது, டீசலை அங்கே என்ன செய்வார்கள் என்றும் தெரியாது.

மத்திய அரசு ஊழியர், பொதுத்துறை வங்கி ஊழியர்களுக்கு 2021-ல் பிஹெச் வரிசை நம்பர் வந்தது. இரண்டு இரண்டு வருஷமாக வரி கட்டலாம், ஊர் மாறினால் மறுபதிவு வேண்டாம். ஆனால் அதிலும் 10 முதல் 20 லட்சம் வரை உள்ள வண்டிக்கு 10 சதவீத வரி என்றால் டீசலுக்கு இன்னும் 2 சதவீதம் கூட. எல்லா மாநிலத்திலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை, அதனால் டீலர் பேச்சை நம்பாமல் ஆர்டிஓ ஆபீசிலேயே கேட்டுவிடுங்கள். பிஹெச் வருவதற்கு முன் வண்டி வாங்கிய என் கதை வேறு. இரண்டு மாநிலத்துக்கும் வரி கட்டினேன். முதல் மாநிலத்திலிருந்து வரவேண்டிய பாக்கிக்கு எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் ஒரு ஃபைல் தேறும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. நாலு மீட்டருக்குள், 1,500 சிசிக்குள் இருக்கும் டீசல் வண்டிக்கு 18 சதவீதம். நாலு மீட்டரைத் தாண்டினால் 40. நம்ம இரண்டு வண்டியும் 40-ல் மாட்டுகின்றன. இதே இன்ஜின் வென்யூவிலும் சோனெட்டிலும் இருக்கிறது, அவற்றுக்கு 18தான். 10 லட்சம் அடக்க விலை என்றால் வரியில் மட்டும் 2,20,000 ரூபாய் வித்தியாசம். நண்பரிடம் சொன்னேன். "பின்னாடி மூணு பேரு உக்கார முடியாதே அண்ணாச்சி" என்றார். அதுவும் நிஜம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. பத்து வயசுப் பையன் வளராமலா இருப்பான்?

அம்மா. பேச்சு அங்கேதான் வந்து நின்றது. அம்மாவுக்கு முட்டிவலி. ரயில் படி ஏற முடியவில்லை. "கார்லயே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்லா, அதுக்குத்தான் டீசல்" என்றார். இங்கிருந்து சென்னை கிட்டத்தட்ட 1,700 கிலோமீட்டர். புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர். அதற்குமேல் திருநெல்வேலிக்கு 600-க்கும் மேல். நாலு நாள். வலிக்கிற முட்டியை மடக்கி நாலு நாள் உட்காருவது, மூன்று இரவு தெரியாத லாட்ஜ், தெரியாத கழிப்பறை. திரும்பி வர இன்னொரு நாலு. அவருக்கு லீவு எத்தனை நாள்? பேசாமல் இருந்தார். நானும் ஒரு காலத்தில் இதே கனவில்தான் டீசல் வாங்கினேன். இங்கே வந்த பிறகு அதை ஒரு தடவைகூட ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகவில்லை. விமானத்தில் சக்கர நாற்காலி கேட்டால் காசு வாங்காமல் தருகிறார்கள், டீசலுக்குக் கொடுக்கும் ஒன்றரை லட்சத்தில் அம்மாவைப் பல தடவை கூட்டிப் போய் வரலாம்.

ஆகவே என் அபிப்பிராயம்: அவருக்கு பெட்ரோல் போதும். வருஷம் 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், துர்காபூர் ஆசன்சோல் என்று அலைகிறவர் டீசல் எடுக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு ஆட்டோமேட்டிக் எடுக்கட்டும். எதை எடுத்தாலும் இன்சூரன்சில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 23 காலையில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றதைப் பார்த்தோமே. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி கை கொடுக்காது.

க்ரெட்டாவா செல்டோஸா என்பதை அம்மாவிடம் விட்டிருக்கிறோம். எந்தக் கதவில் முட்டி வலிக்காமல் ஏறி இறங்க முடிகிறதோ அதுதான். வருகிற ஞாயிறு இரண்டு ஷோரூமுக்கும் அம்மாவோடு போகிறார்கள், டேப்போடு நானும் போகிறேன். சாப்பாட்டுச் செலவு அவருடையது.