நாட்டின் நேரமும் சேவையகங்களின் நேரமும்

வரட்சியினால் நீர்மின் உற்பத்தி வீழ்ச்சியடைந்திருந்த 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, ஆதர் சி. கிளார்க் போன்றோரின் ஆட்சேபங்களுக்கு மத்தியிலும், கிறீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் என்ற பழைய கணக்கிற்கே நாடு திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றியமையால், ஒரே தீவில் இரு நேரங்கள் நிலவின.

மாத்தளையிலாயினும் உக்குவளையிலாயினும் பள்ளிவாசல்களின் தொழுகை நேர அட்டவணைகளில் அன்று இலக்கங்கள் மாத்திரமே மாறின. சூரியன் மாறவில்லை, நோன்பு துறக்கும் கணமும் மாறவில்லை. இந்த வேறுபாட்டை நம் மக்கள் எளிதில் விளங்கிக்கொண்டனர். ஆனால் கணினிச் சேவையகங்களைப் பராமரிப்போர் பலர் இன்றும் இதிலேயே தடுமாறுகின்றனர்.

சேவையகம் தனக்குள் உலகப் பொது நேரத்தையே பேணுகின்றது. உள்ளூர் நேரம் அதன் மீது போர்த்தப்படும் கணக்கு மாத்திரமே. 2006இல் நேர வலயத் தரவைத் திருத்தாது மணிப்பொறியை மட்டும் அரை மணித்தியாலம் பின்தள்ளிய கணினி, திரையில் சரியான நேரத்தைக் காட்டியவாறே உள்ளே பிழையான நேரத்தைச் சுமந்தது. எனவே பிழையின் அளவையே முதலில் நோக்க வேண்டும். சரியாக அரை மணியோ ஒரு மணியோ எனில் நேர வலயத்தையும், நாளாந்தம் சில விநாடிகள் எனில் நேர ஒருங்கிணைப்புச் சேவையையும், ஆண்டுக்கணக்கில் எனில் தாய்ப்பலகையின் சிறு மின்கலத்தையும் சந்தேகிப்பதே முறை. பெரும்பாலும் பாதுகாப்புச் சுவர் 123ஆம் இலக்க யூடிபி வாயிலை மறித்திருப்பதும் காரணமாகும். பிழை 1000 விநாடிகளைத் தாண்டினால் என்ரிபி மென்பொருள் வழமையாகத் திருத்த மறுத்து நின்றுவிடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்த மின்வெட்டுகளையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் கண்டோம். ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னரும் கணினி எந்த நேரத்துடன் விழித்தெழுகின்றது என்பது சிறு விடயமல்ல. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலைய வியாபாரியொருவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் காணாமற்போனால், கொடுக்கல் வாங்கல் பதிவும் கண்காணிப்புக் கமெராவின் பதிவும் பத்து நிமிடம் முரண்பட்டாலே முறைப்பாடு வலுவிழந்துவிடும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்கு அங்கீகாரம் வழங்கியுள்ளது. அப்பதிவின் நேரத்துக்கு உத்தரவாதம் அளிக்க வேண்டியவர் அதனை வைத்திருப்பவரேயன்றி, பணத்தை இழந்தவரல்லர்.

இலங்கை நியம நேரத்தைப் பேணும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் அதனை இணையம் வழியாகவும் வழங்குகின்றது. வங்கிக் கிளைகளும் பிரதேச செயலகங்களும் அந்நேரத்துடன் தமது சேவையகங்களை இணைத்து, ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னரும் வேறுபாட்டைப் பரிசோதித்துப் பதிவேட்டில் குறித்துவைக்குமாறு பணிக்கப்பட வேண்டும். அதற்குச் செலவாவது சில நிமிடங்களே.