விரும்பினால் விலகலாமாம்!

வாட்சாப் எனும் புலனத்தில் நான் நடத்தும் வகுப்புக் குழுவிலிருந்து சென்ற ஆண்டு ஒரு தாயார் விலகினார். தம் தொடர்பு விவரங்கள் அயல் நிறுவனத்திற்குப் போவதை அவர் விரும்பவில்லை. மறுவாரமே, புறப்பாட நடவடிக்கை இரத்தான செய்தியைக் குழுவில் மட்டும் போட்டேன். அவர் மகள் பள்ளி வாயிலில் ஒன்றரை மணி நேரம் தனியே காத்திருந்தாள்.

புலனத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். 2014-இல் முகநூல் நிறுவனம் அதை வாங்கியது. 2021 சனவரியில் புதிய தனியுரிமை விதிகள் வந்தன. பிப்ரவரி 8-க்குள் ஏற்கச் சொன்னார்கள், எதிர்ப்பு எழவே மே 15-க்குத் தள்ளினார்கள். ஆசிரியர்கள் சிலர் அப்போது தெலிகிராமுக்கு மாறினோம். சில வாரங்களில் திரும்பிவிட்டோம். பெற்றோர் அனைவரும் இங்கல்லவா இருந்தனர்! 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளி மூடிக் கிடந்தபோது அவர்களை இங்கே அழைத்து வந்ததும் நாம்தாமே.

ஆக, அந்தத் தாயாரைக் கட்டாயப்படுத்தியவன் நான். பள்ளி அறிவிப்பு எதுவாயினும் தாளிலும் வீட்டிற்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன். (இரண்டு முறை மறந்தும் போனேன்.)

நேற்று அவர் குழுவில் மீண்டும் சேர்ந்திருந்தார். காரணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.