எத்தனை மணிக்கு எண்டு சொல்லுங்கோ

போன ஏப்ரலில் நாங்கள் நாலு பேர் பேராதனையிலிருந்து பஸ் ஏறி நுவரெலியா போனோம். வசந்தகாலம், பூக்கண்காட்சி, கிரகரி வாவி, குதிரைப் பந்தயம் எண்டு எல்லாரும் போற அதே பயணம்தான். அதில எழுதுறதுக்கு ஒண்டுமில்லை. எழுத வைச்சது இரண்டாம் நாள் இரவு.

பதினொரு மணி இருக்கும். சாப்பிட்டிட்டு அறைக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். வாவிப் பக்கம் ஒரு ஹோட்டலில் (பெயர் வேண்டாம், அண்டைக்கு அவை, நாளைக்கு வேற ஆக்கள்) திடீரெண்டு வாணவேடிக்கை தொடங்கினது. நாங்களும் போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்தனாங்கள்தான், பொய் சொல்லக்கூடாது. நுவரெலியா நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர். அங்க ஒரு வெடி வெடிச்சா அது ஒரு வெடியோட முடியாது, மலையில மோதித் திரும்பி வரும். ஆறாவதோ ஏழாவதோ வாணம் மேல போகேக்க பின்னால தார் ரோட்டில குளம்புச் சத்தம். திரும்பிப் பார்க்கிறதுக்கிடையில ஒரு குதிரை எங்களைத் தாண்டிப் போயிட்டுது. கழுத்தில அறுந்த கயிறு இழுபடுது. எதிரில வந்த வான் ஒண்டு பிரேக் அடிச்சு, சறுக்கி, ஓரத்துக் கானுக்குள்ள ஒரு சில்லை விட்டுட்டு நிண்டுது. குதிரை வானில மோதாமல் போனது அதின்ர கெட்டித்தனம் இல்லை, வெறும் அதிர்ஷ்டம்.

பின்னால ஒரு அண்ணன் செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தார். பகலில வாவிக்கரையில பிள்ளைகளை ஏத்தி நடத்திக்கொண்டு திரிஞ்சவர். குதிரையும் அதே குதிரைதான், மண்ணிறத்தில வெள்ளைத் திட்டு. அவரோட சேர்ந்து நாங்களும் தேடினோம். முக்கால் மணித்தியாலம் கழிச்சு, பூட்டிக் கிடந்த மரக்கறிக் கடைக்குப் பின்னால நடுங்கிக்கொண்டு நிண்டுது. எங்கேயோ கம்பிவேலியில பட்டு முன்னங்காலில கிழிச்சிருந்தது. நாங்கள் உதவி செய்யிறம் எண்டு நினைச்சு போன் டொர்ச்சை அதின்ர முகத்துக்கு நேர அடிச்சோம்.

"லைட்ட அமத்துங்க தம்பி, லைட்ட அமத்துங்க!"

அவர் கிட்டப் போகேல்லை. பக்கவாட்டில, கொஞ்சம் தள்ளி, குதிரையைப் பார்க்காமல் நிண்டு, எங்களோட கதைக்கிற மாதிரி அதோட கதைச்சுக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். அது தலையைத் தாழ்த்தின பிறகுதான் கயிற்றில கை வைச்சார். திரும்பி நடக்கேக்க ஒண்டு சொன்னார்: "இத்தன மணிக்குப் பட்டாசு போடப்போறோம்னு ஒருத்தன் சொல்லியிருந்தா, வெளிய கட்டியிருக்கவே மாட்டேன் தம்பி. ஷெட்டுக்குள்ள அவுத்து விட்டுட்டு நானும் பக்கத்துல இருந்திருப்பேன்."

இந்தக் கட்டுரையில நாங்கள் சொல்ல வாறது அவர் சொன்னதை விடப் பெரிசா ஒண்டுமில்லை.

திரும்பி வந்த பிறகு குதிரையைப் பற்றித் தேடித் தேடி வாசிச்சோம். (பரீட்சைக்கு இப்பிடி வாசிச்சிருந்தால் எங்கட கதையே வேற.) குதிரை இரையாகிற விலங்கு. புலி, ஓநாய்க்கு முன்னால அதுக்கிருந்த ஒரே பாதுகாப்பு ஓட்டம். அதனால சத்தம் கேட்டவுடன் முதலில ஓடும், பிறகுதான் என்ன எண்டு திரும்பிப் பார்க்கும். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். குதிரைக்கு 33,000 ஐயும் தாண்டிக் கேட்கும். வாணம் சீறிக்கொண்டு மேல போற அந்தக் கீச்சில எங்களுக்குக் கேட்காத பகுதியும் அதுக்குக் கேட்கும். காது இரண்டையும் தனித்தனியா அரை வட்டம் திருப்பும். ஆனால் சத்தம் எந்தத் திசையில இருந்து வருது எண்டு நுணுக்கமாப் பிரிச்சறியிறதில குதிரை மனிசரை விட மோசம். நாங்கள் ஒரு பாகை வித்தியாசத்தையும் பிடிச்சிடுவம், அதுக்கு இருபது பாகைக்கு மேல வேணும். இதைத் திரும்பத் திரும்ப யோசிச்சோம். பெரிய சத்தம் கேட்குது, எங்கயிருந்து எண்டு தெரியேல்லை, மலைகள் வேற அதைத் திருப்பி அனுப்புது. எந்தப் பக்கம் ஓடுறது?

கண்ணும் அப்பிடித்தான். இருட்டில எங்களை விட நல்லாப் பார்க்கும், ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதுக்குக் கூடுதல் நேரம் வேணும். ஒவ்வொரு வாணமும் வெளிச்சமடிச்சு அணைய, அடுத்த நிமிஷங்களுக்கு அது அரைக் குருடு. நாங்கள் அடிச்ச டொர்ச்சும் அதைத்தான் செய்தது.

சரி, வெடி வரப்போகுது எண்டு தெரிஞ்சால் என்ன செய்யலாம்? அந்த அண்ணன் சொன்னதும் நாங்கள் வாசிச்சதும் பெரும்பாலும் ஒத்துப்போகுது. வழமையா நிக்கிற இடத்திலயே விடவேணும், புது இடத்துக்குக் கொண்டுபோனால் பயம் இரட்டிக்கும். தனிய விடக்கூடாது, பழகின இன்னொரு குதிரை கண்ணுக்குத் தெரியிற தூரத்தில நிண்டால் பாதிப் பாரம் குறையும். கொட்டிலுக்குள்ள ஆணி, கம்பி நீட்டிக்கொண்டு நிக்குதா எண்டு பகலிலயே தடவிப் பார்க்கவேணும். உள்ளுக்குள்ள ஒரு மின்குமிழ் எரிஞ்சால் வாணத்தின்ர மின்னல் அவ்வளவாத் தாக்காது. ஒரு ரேடியோ பாடினால் இன்னும் நல்லம், ஆனால் அதையும் அண்டைக்குத்தான் முதன்முதலாப் போடக்கூடாது, சில நாட்களுக்கு முன்னமே பழக்கவேணும். புல்லு தாராளமா இருக்கவேணும், மென்றுகொண்டு நிக்கிற குதிரை கொஞ்சம் அமைதியா நிக்கும். பயந்து தீன் தண்ணி எடுக்காமல் விட்டால் வயிற்றுக்குத்து வரலாம். குதிரையால வாந்தி எடுக்க ஏலாது, அதனால வயிற்றுக்குத்து அதின்ர உயிரையே எடுக்கிற வருத்தம்.

இறுக்கிக் கட்டுறதுதான் பெரிய பிழை. ஓடிப்போகாமல் இருக்கக் கட்டுறம் எண்டு நினைப்பம். பயந்த குதிரை பின்னுக்கு இழுக்கும். ஒண்டில் கயிறு அறும், இல்லாட்டிக் கழுத்து முறியும். அண்டைக்குக் கயிறு அறுந்தது. அதே நேரம், மிரண்ட குதிரையோட ஒடுக்கமான இடத்துக்குள்ள மனிசர் போய் நிக்கவும் கூடாது. அமைதிப்படுத்தப் போய் உதை வாங்கின கதைகள் அந்த அண்ணனிட்ட நிறைய இருக்கு, விலா எலும்பு முறிஞ்ச அவரின்ர சொந்தக் கதை உட்பட. அதிகம் பயப்படுற குதிரைக்கு மிருக வைத்தியரிட்ட மருந்தும் கேட்கலாம். ஆனால் அது மிரளுறதுக்கு முன்னமே குடுக்கவேணும், மிரண்ட பிறகு குடுத்தால் சரியா வேலை செய்யாது.

எல்லாத்திலயும் எங்களுக்குப் பிடிச்சது ஒரு ஆய்வு. சுவீடனில் 2009 இல் வெளியானது. குதிரையை நடத்திக்கொண்டு போறவர்களிட்ட, இந்தத் தடவை குடை ஒண்டு திடீரெண்டு விரியும் எண்டு சொல்லி வைச்சார்கள். குடை விரியவேயில்லை. ஆனால் விரியப்போகுது எண்டு நினைச்ச மனிசரின்ர இதயம் வேகமா அடிச்சது, கூட நடந்த குதிரையின்ர இதயமும் வேகமா அடிச்சது. பதறின ஆள் பக்கத்தில நிண்டு குதிரையை ஆற்றேலாது. அந்த அண்ணன் ஏன் குதிரையைப் பார்க்காமல் எங்களோட கதைச்சார் எண்டது அப்பதான் விளங்கிச்சு.

மேல சொன்ன ஒவ்வொண்டுக்கும் முதல் தேவை நேரம். ரேடியோ, மின்குமிழ், புல்லு, மருந்து எல்லாம் வெடிக்கு முன்னம் செய்யவேண்டியவை. முன்னம் எண்டால் எப்ப எண்டு தெரியவேணும்.

வேடிக்கை என்னெண்டால் எங்கட நாட்டில வெடிக்கு நேரம் குறிக்கிற பழக்கம் நல்லாவே இருக்கு. சித்திரைப் புத்தாண்டு பிறக்கிற நேரத்தை மணி, நிமிஷம் வரைக்கும் சொல்லுறோம். வாக்கியம் ஒரு நேரம், திருக்கணிதம் ஒரு நேரம் எண்டு இரண்டு பஞ்சாங்கம் வைச்சிருக்கிறோம். சிங்கள மக்களுக்கு அடுப்பு மூட்டுறதுக்கும் சாப்பிடுறதுக்கும் எண்ணெய் வைக்கிறதுக்கும் தனித்தனி சுபநேரம் அச்சடிச்சு வருது. அந்த நேரத்துக்கு நாடு முழுக்கச் சீனவெடி வெடிக்கும். அதில தனக்குப் பிரச்சினை இல்லை எண்டுதான் அந்த அண்ணனும் சொன்னார். "அது கலண்டர்லயே இருக்கே." பிரச்சினை, கலண்டரில இல்லாத வெடி. நினைச்ச இரவு, நினைச்ச நேரம், பிறந்தநாள், கம்பனிப் பார்ட்டி, பியர் போத்தல் முடிஞ்ச சந்தோசம்.

குதிரையைப் பழக்கினால் போச்சு எண்டு ஒரு நண்பர் சொன்னார். கொஞ்சம் உண்மைதான், மெல்லிய சத்தத்தில தொடங்கிக் கிழமைக் கணக்காப் பழக்கலாம். ஆனால் அதுக்கும் எல்லை இருக்கு. 2024 ஏப்ரல் 24 ஆம் திகதி லண்டனில் அரச குதிரைப்படையின்ர குதிரைகள் காலைப் பயிற்சியில நிக்கேக்க, பக்கத்துக் கட்டட வேலையில மேலயிருந்து கொட்டின கொங்கிறீற்றுச் சத்தத்துக்கு மிரண்டு, படையினரைத் தூக்கியெறிஞ்சிட்டு நகரத்துக்குள்ள ஓடினது. வாகனங்களில மோதி, இரத்தம் வழிய ஓடின வெள்ளைக் குதிரையின்ர படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்கள். பட்டாளமும் பாண்டு வாத்தியமும் பழகின குதிரைகளுக்கே அந்த நிலை எண்டால், வாவிக்கரைப் போனிக்கு என்ன சொல்லுறது?

1875 இல் நுவரெலியாவில பந்தயத்திடல் திறந்தது பிரித்தானியர். குதிரையையும் வசந்தகாலக் கேளிக்கையையும் விட்டுட்டுப் போனவர்கள். இண்டைக்கு அவையின்ர நாட்டில இரவு 11 மணிக்குப் பிறகு வாணம் விடுறது பொதுவாத் தடை. நவம்பர் 5 க்கு நள்ளிரவு வரை, தீபாவளிக்கு ஒரு மணி வரை எண்டு விலக்கு இருக்கு. தீபாவளியைச் சட்டத்தில எழுதி வைச்சிருக்கிறது எங்களுக்குச் சின்னச் சந்தோசம். அங்கயும் குதிரை வைச்சிருக்கிறவை இது போதாது எண்டுதான் சொல்லுறார்கள். எங்களிட்ட மிருகவதைத் தடுப்புக்கெண்டு இருக்கிறது 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதை நம்பிக் குதிரை வளர்க்கேலாது.

எங்கட பட்ச்சில இதைக் கதைக்கேக்க வந்த முதல் கேள்வி, மனிசருக்கே வழியில்லை, உங்களுக்குக் குதிரையா எண்டது. ஹற்றன் பக்கத்து எங்கட தோழி இன்னும் ஒருபடி மேல போனாள்: "லாயத்துக்கு மின்குமிழ் கேக்குறீங்க. லயத்துக்குக் கேட்டீங்களா?" ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். கேள்வி நியாயம், அதுக்கு நாங்கள் பதில் வைச்சிருக்கேல்லை. ஆனால் அந்தக் குதிரை ஓடின இரவு நடந்ததையும் சொல்லவேணும். கால் கிழிஞ்ச குதிரையை வேலைக்கு எடுக்கேலாது. ஏப்ரல் முழுக்க உழைச்சால்தான் மழைக்கால மாசங்களைத் தள்ளலாம் எண்டிருக்கிற குடும்பத்துக்கு சீசனின்ர பாதி போச்சு. மருந்துச் செலவு அவரின்ர, வான்காரனுக்குக் குடுத்த காசும் அவரின்ர. ஹோட்டலுக்கு ஒண்டுமில்லை. இதில குதிரை வேற, மனிசர் வேற எண்டு பிரிக்க எங்களுக்குத் தெரியேல்லை.

இன்னொண்டு. எங்களில ஒருத்தனின்ர அம்மம்மா வன்னியில இருந்து வந்தவ. கலியாண வீட்டில சொல்லாமல் சீனவெடி கொளுத்தினால் இண்டைக்கும் கையில இருக்கிறதைப் போட்டுட்டுச் சுவரோட ஒண்டுவா. முதலில சொல்லிப்போட்டுக் கொளுத்தினால் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. அதே வெடி, அதே சத்தம்.

நாங்கள் வெடிக்கு எதிரி இல்லை. ஏப்ரலில வாணம் வேண்டாம் எண்டும் கேட்கேல்லை. வாவியைச் சுற்றியும் பந்தயத்திடலைச் சுற்றியும் வாணம் விடுறவர்கள் இடம், நாள், நேரம் மூண்டையும் முதல் நாளே சொல்லட்டும். ஆளாளுக்கு ஒவ்வொரு இரவும் விடாமல் குறிச்ச சில இரவுகளில் மட்டும் விடட்டும். அடுத்த நாள் விழுந்து கிடக்கிற கம்பு, கடதாசி, வயர் எல்லாத்தையும் புல்லுத்தரையிலிருந்து அவையே பொறுக்கட்டும், மேயிற வாய்க்குள்ள போகாமல். சீசனுக்குப் போற நீங்களும் உங்கட ஹோட்டலில ஒரு கேள்வி கேட்கலாம்: இண்டைக்கு இரவு வாணம் இருக்கா, எத்தனை மணிக்கு? பதில் கிடைச்சால் வாவிக்கரைக்கு நடக்கேக்க முதல் சந்திக்கிற குதிரைக்காரரிட்ட சொல்லிவிடுங்கோ. அவையிட்ட வாட்ஸ்அப் குழு இருக்கு, ஐஞ்சு நிமிஷத்தில எல்லாருக்கும் போயிடும்.

மாநகர சபைக்கு இதைக் கடிதமா எழுதியிருக்கிறோம், தமிழில ஒண்டு, சிங்களத்தில ஒண்டு. சிங்களத்தைத் திருத்தித் தந்தது விடுதியில பக்கத்து அறைத் தோழர்கள். குதிரைக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. ஹோட்டல்காரரிட்ட இனித்தான் போகவேணும். மார்ச் முதல் சனிக்கிழமை போறோம், பஸ்ஸில இடமிருக்கு.