கலங்கிய தண்ணீரில் மாப்பிள்ளை பார்ப்பது



மழை முடிந்து ஊரப்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கும்போது, கரையில் தூண்டில் போடுகிறவரின் வாளியை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஜிலேபிதான் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால்.

ஜிலேபி நம்மூர் மீன் இல்லை. தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் இப்படி வேரூன்றியதற்கு அதன் பிள்ளை வளர்ப்பும் ஒரு காரணம். கரையோரச் சேற்றில் ஆண் வாயாலேயே வட்டமாகப் பள்ளம் பறிக்கும். உடம்பு கறுத்து, தாடையடி வெளுத்து, துடுப்போரம் சிவந்து, மாப்பிள்ளைக் கோலத்தில் அதைக் காவல் காக்கும். பெண் வந்து முட்டையிட்டதும் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். ஏறத்தாழ மூன்று வாரம் சரியான தீனி கிடையாது. குஞ்சுகள் நீந்தப் பழகிய பிறகும், மேலே ஒரு நிழல் ஆடினால் போதும், எல்லாம் மறுபடி அம்மா வாய்க்குள்.

விரால் வேறு ரகம். செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் மேய, அடியில் பெற்றோர் காவல் இருக்கும். நெருங்கினால் பாயும்.

ஜிலேபியின் சொந்தக்காரர்களான சிக்லிட் மீன்கள், கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சுமார் 15,000 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 500 இனங்களாகப் பெருகின. பரிணாமத்தின் கணக்கில் இது கண்மூடித் திறக்கும் நேரம். பாசி சுரண்டுவது, நத்தை உடைப்பது, பிற மீனின் குஞ்சைத் தின்பது என்று ஆளுக்கொரு பிழைப்பு. அதற்கேற்ற பல், தாடை. இரை மட்டும் அவற்றைப் பிரிக்கவில்லை. நெருங்கிய இரண்டு இனங்களில் ஒன்றின் பெண் சிவப்பு ஆணைத்தான் தேடும், மற்றதன் பெண் நீல ஆணை. 1997-இல் ஓலே சீஹவுசனும் சகாக்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது என்னை உலுக்கியது. ஏரி கலங்கிய பகுதிகளில் பெண் மீன்களுக்கு நிறம் பிடிபடவில்லையாம். மாப்பிள்ளை மாறிப்போய், இனங்கள் ஒன்றோடொன்று கலந்து, நிறமும் மங்கிவிட்டதாம். விஷம் வேண்டாம், வலை வேண்டாம்; வெளிச்சம் குறைந்தாலே போதும் போலிருக்கிறது.

நம் ஏரி கலங்கினாலும் ஜிலேபி சமாளித்துக்கொள்ளும். விரால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். தெளிந்த நீரை நம்பியிருக்கும் பொடிமீன்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு வேண்டுகோள்: ஏரிக்குள் கழிவுநீர் விடுவதைப் பார்த்தால் சும்மா கடந்து போகாதீர்கள். அலுத்துப்போன தொட்டிமீனையும் அங்கே கொண்டுபோய் விடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்